பாட்டை எழுதியவர் எங்கே? இசைச் செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் தேடல் பெட்டியில் 'விதவுட் யூ' என்று எழுதினால் பெரும்பாலும் மரியா கேரியோ ஹாரி நில்சனோதான் முதலில் வந்து நிற்பார்கள். இருவரும் அந்தக் காதல் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தவர்கள். ஆனால் இருவருமே அதை எழுதியவர்கள் அல்லர். எழுதிய பீட் ஹாமையும் டாம் எவன்ஸையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால், மூன்று புள்ளிகளைத் தொட்டு, விரியும் பட்டியலில் இறங்கி, இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். அத்தனை தூரம் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களிடம் கணக்காகவே இருக்கும்.

அந்தப் பெயர்களைப் பாட்டின் தலைப்புக்குக் கீழேயே, பாடியவரின் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டேன் என்றால், பெயர் தெரியாமல் போவது அதன் வரலாற்றில் தொடக்கத்திலிருந்தே கூடவே வருகிறது.

ஹாமும் எவன்ஸும் பாடிய குழு பேட்ஃபிங்கர், பிரிட்டன் இசைக்குழு. ஹாம் வேல்ஸின் ஸ்வான்சி நகரத்தவர், எவன்ஸ் லிவர்பூல்காரர். பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் அவர்கள் ஒப்பந்தமானார்கள். முதல் பெரிய வெற்றியான 'கம் அண்ட் கெட் இட்' பால் மெக்கார்ட்னி எழுதிக் கொடுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அதன்பின் அவர்கள் என்ன செய்தாலும் அதற்குப் பின்னால் பீட்டில்ஸ் இருப்பதாகவே ஊர் பேசியது.

ஹாமிடம் ஒரு பாட்டுக்கான சரணங்கள் இருந்தன. அவற்றைத் தாங்கும் பல்லவி அமையவில்லை. எவன்ஸிடம் வலுவான பல்லவி ஒன்று இருந்தது; அதற்கேற்ற சரணம் இல்லை. முடியாமல் கிடந்த இரண்டையும் சேர்த்து ஒரு பாட்டாக்கினார்கள். சரணத்தில் பேசுபவர் பிரிந்து போகிறவரின் முகத்தை நினைத்து வருந்துகிறார், அதுவும் அடக்கமாக. பல்லவி வந்ததும் அடக்கம் எல்லாம் உடைந்துபோகிறது. இரண்டு பேர் தனித்தனியே எழுதியதாலேயே அந்த உடைப்பு அவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரே உட்கார்ந்து எழுதியிருந்தால் இடையில் படிக்கட்டு கட்டியிருப்பார்.

1970இல் 'நோ டைஸ்' இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டாக அது வெளியானது. தயாரித்தவர் பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த ஜெஃப் எமரிக். அந்தத் தட்டிலிருந்து வெற்றி பெற்றது 'நோ மேட்டர் வாட்' என்ற வேறொரு பாட்டு. 'விதவுட் யூ' பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ தனித்தட்டாகக்கூட வரவில்லை. அந்தப் பதிவை இன்று கேட்டாலும், தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாடும் குழுவைத்தான் கேட்கிறோம்.

நில்சன் அதை ஒரு நண்பர் கூட்டத்தில் கேட்டு, பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்துக்கொண்டார், பிறகு பீட்டில்ஸ் தட்டுகளில் தேடியும் கிடைக்கவில்லை என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. எழுதியவர் பெயர் தெரியாமல் இந்தப் பாட்டைத் தேடி அலைந்த முதல் ஆள், அதைப் புகழ்பெறச் செய்தவரே.

1971இல் லண்டனின் ட்ரைடண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நில்சன் அதைப் பாடினார். தயாரிப்பு ரிச்சர்ட் பெர்ரி, பியானோ கேரி ரைட், நரம்பிசைக் கோவை பால் பக்மாஸ்டர். கித்தார் குழுவின் பாட்டாக இருந்தது பியானோவுடன் தனியே தொடங்கும் பாட்டாக மாறியது. முதல் சரணம் முழுக்கக் குரலைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார் நில்சன்; பல்லவி இரண்டாம் முறை வரும்போது மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறார். இனி யார் பாடினாலும் அந்தத் தாவலைச் செய்தே ஆகவேண்டும் என்ற நிலையை அந்த ஒரு பதிவு உண்டாக்கிவிட்டது. 1972இல் அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம், பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். அடுத்த ஆண்டு சிறந்த ஆண் பாப் குரலுக்கான கிராமி விருதும் கிடைத்தது.

மூலத்தைவிட நில்சனின் பதிவே மேல் என்பதுதான் என் கட்சி. ஆகவே 'கவர்', அதாவது பிறர் ஏற்கெனவே பதிவுசெய்த பாட்டைத் தாமும் பாடுகிறவர்களைக் குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. நில்சனே அருமையான பாடலாசிரியர். அவர் எழுதிய 'ஒன்' பாட்டை 1969இல் த்ரீ டாக் நைட் குழு பாடிப் பெரும் வெற்றியாக்கியது. அவர் குரலுக்குப் பெயர் வாங்கித் தந்த 'எவ்ரிபடிஸ் டாக்கின்' ஃப்ரெட் நீல் எழுதியது. தன் பாட்டு பிறர் வாயிலும் பிறர் பாட்டு தன் வாயிலுமாக வாழ்ந்த மனிதர். எழுதுவதும் பாடுவதும் இரண்டு வேறு வேலைகள் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதன்பின் ஷெர்லி பாசி பாடினார், 1991இல் ஏர் சப்ளை குழு பாடியது, இன்னும் எத்தனையோ பேர். 1994 ஜனவரி 15 அன்று நில்சன் இறந்தார். 'மியூசிக் பாக்ஸ்' தொகுப்பில் ஏற்கெனவே வந்திருந்த மரியா கேரியின் வடிவம் அந்த மாதமே தனிப்பாட்டாக வெளிவந்து, பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் மூன்றாம் இடத்தையும் பிடித்தது. அவர் பின்பற்றியது நில்சனை, பேட்ஃபிங்கரை அல்ல. அதாவது, நகலின் நகல். குரலின் வீச்சைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் நில்சன் கட்டிய வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்பினார் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு தலைமுறை இதை அவருடைய சொந்தப் பாட்டு என்றே நினைத்து வளர்ந்தது.

எழுதியவர்களுக்கு என்ன ஆயிற்று? ஆப்பிள் நிறுவனத்தின் குழப்பங்கள், மேலாளர் போட்டுவைத்த ஒப்பந்தங்கள், முடங்கிப்போன பணம். 1975 ஏப்ரலில், 28 வயது நிறைய மூன்று நாள் இருக்கையில், பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருடைய குழந்தை பிறந்திருக்கவில்லை. இந்தப் பாட்டின் உரிமைத்தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு அதன்பின்னும் ஓயவில்லை. 1983 நவம்பரில் டாம் எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார்.

பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சிக்கியது ஒப்பந்தங்களில். அந்தக் கால இசைத்தட்டின் வட்டத்தாளிலோ, பாட்டின் தலைப்புக்கு அடியில் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர் அச்சிடப்பட்டே இருந்தது. பணத்தில் கைவைத்தவர்கள்கூடப் பெயரில் கைவைக்கவில்லை. பெயரை நம் கண்ணிலிருந்து அகற்றியது உங்கள் திரைதான்.

இடம் போதாது என்பீர்கள். உள்ளங்கை அகலத் தாளில் அது முடிந்தது; எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண்ணுக்கு உங்கள் திரையிலும் இடம் கிடைக்கிறது. தரவு இல்லை என்று சொன்னால் அதை இன்னும் ஏற்க முடியாது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற குறியீடும் எழுதப்பட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற குறியீடும் உண்டு. இரண்டையும் சரியாக இணைத்தால்தான் எழுதியவருக்கு உரிய தொகை போய்ச்சேரும். அந்த இணைப்பு எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதும் வெளியே வந்துவிட்டது. 2018இல் அமெரிக்கா இயற்றிய இசைச் சட்டத்தின்படி அமைந்த உரிம அமைப்பிடம், உரியவரோடு பொருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 42.4 கோடி டாலரை இருபது இசைச் சேவைகள் 2021 பிப்ரவரியில் ஒப்படைத்தன. தவறான பெயரும் விடுபட்ட பெயரும் எல்லார் கண்ணிலும் பட்டிருந்தால், எழுதியவரோ அவர் பிள்ளைகளோ விவரம் அறிந்த ரசிகரோ எப்போதோ சுட்டிக்காட்டியிருப்பார்கள். மறைவிடத்தில் இருக்கும் பிழையை யார் திருத்துவது?

'கவர்' பாட்டுகளுக்கு இன்னொன்றும் வேண்டும்: முதல் பதிவுக்கு ஒரு இணைப்பு. மரியா கேரியைக் கேட்பவர் ஒரே தொடுதலில் 1970க்குப் போகமுடிய வேண்டும். போனவர்களில் பலர் உடனே திரும்பி வந்துவிடுவார்கள், பரவாயில்லை. சிலர் அந்தத் தட்டின் மற்ற பாட்டுகளையும் கேட்பார்கள். எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் எழுதிய எல்லாமும், யார் பாடியதாக இருந்தாலும், ஓரிடத்தில் வரவேண்டும். சில சேவைகள் இதை அரைகுறையாகச் செய்து ஒரு மூலையில் வைத்திருக்கின்றன. அதை முகப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவே.

சோதனைக்கு இந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு பதிவின் கீழும் இப்படி இரண்டு வரி: 'பாட்டு: பீட் ஹாம், டாம் எவன்ஸ். முதல் பதிவு: பேட்ஃபிங்கர், 1970.' எந்த மாதத்தில் தொடங்குவீர்கள் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாதச் சந்தா தவறாமல் கட்டும் ஒரு கேட்பவர்