சின்னம்மா கேட்ட மூன்றாவது பாட்டு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து நாலு நாள் ஆயிற்று. உடனே பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் இது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் பழையபடி எழுதுகிறேன். ஆடி மாசம் என்பதால் கடையில் ஒரே ஒரு ஸ்பீக்கர் பாக்ஸைத் தவிர எதுவும் மிச்சமில்லை. தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கிறார்கள், எல்லா அம்மனுக்கும் மைக் செட் வேண்டும். வீராம்பட்டினம் தேர் முடிந்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவே நேரம் கிடைத்தது.

உன் பையன், என் மருமகன், தனியாக எட்டுப் பாட்டு போட்டு வெளியிட்டு ஒரு மாதம் ஆகியும் முந்நூறு பேர்கூடக் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், இனிமேல் எழுதவே மாட்டேன் என்கிறான் என்று நீ சொன்னபோது உன் குரலும் கம்மித்தான் இருந்தது. கூடப் பாடிக்கொண்டிருந்த பையன் வேலைக்கென்று ஒதுங்கிய பிறகு ஒற்றை ஆளாக இவ்வளவு செய்திருக்கிறான் என்பதையும் நீயேதான் சொன்னாய். சரி, முதலில் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசுவோம் என்று, அன்று ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இருந்த ஒரே நல்ல பாக்ஸில் எட்டையும் இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் இரண்டு பாட்டு எனக்கு ஒட்டவில்லை. இப்போது எல்லாரும் பாடுகிற மாதிரியே குரலை மெஷினில் போட்டு இழுத்திருக்கிறான். அவன் குரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஐந்தாவதும் ஏழாவதும் நன்றாக இருக்கின்றன. ஏழாவதில் டிரம்மை நிறுத்திவிட்டு வெறும் பாஸ் சத்தம் மட்டும் ஓடும் அந்த இடம், மைக் செட்டோடு இருபது வருஷம் கழித்தவன் சொல்கிறேன், பழகின கை செய்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது பாட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் இந்தக் கடிதம் எழுதவே காரணம்.

உனக்கு 2002 லீவு ஞாபகம் இருக்கிறதா? வருஷா வருஷம் ஜூலையில் நீ பாரிஸிலிருந்து வரும்போது உங்க அப்பா பெட்டியில் சீஸும் சாக்லேட்டும் இருக்கும், உன் பெட்டியில் சிடி இருக்கும். தெருவே 'சொல்தா வீட்டுப் பிள்ளைகள் வந்தாச்சு' என்று சொல்லும், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு நம்மூரில் அதுதானே பெயர். அந்த வருஷம் அட்டையில் இரும்பு முகமூடி போட்ட ஆள் ஒருவன் காமிக்ஸ் படம் மாதிரி மைக்கோடு நிற்கிற சிடி ஒன்றைக் கொண்டுவந்தாய். ராப் பாடகர் எம்.எஃப். டூம், ஆல்பம் பெயர் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே'. குருசுக்குப்பம் பக்கம் கருங்கல் மேல் உட்கார்ந்து, டிஸ்க்மேனில் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. நடுநடுவே கார்ட்டூன் வசனம் வந்ததால் இது ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று நினைத்தேன். நீ ஊருக்குப் போகும்போது அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனாய்.

அந்த சிடி இன்னும் இருக்கிறது மச்சான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் போல மழை கொட்டியதே, அப்போது கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர். ஆம்ப்ளிஃபையர் இரண்டு போய்விட்டது. கீழ்த்தட்டில் இருந்த சிடி டப்பாவும் நனைந்துவிட்டது. அந்தச் சின்ன அட்டைப் புத்தகத்தின் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேப்பரில் வைத்து ஒற்றி, ஃபேனுக்குக் கீழே கிளிப் மாட்டிக் காயவைத்தேன். முகமூடிக்காரன் முகத்தில் பச்சை ஓடிவிட்டது. தட்டு மட்டும் சுத்தமாகப் பாடுகிறது. அன்றுதான் அந்த ஆளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் நீ மருமகனிடம் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் டேனியல் டூமிலே. 1971-ல் லண்டனில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுக்குப் போன குடும்பம். தம்பியோடு சேர்ந்து கே.எம்.டி. என்று ஒரு குழு வைத்திருந்தார். 1991-ல் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனியில் முதல் ஆல்பம் வந்தது. பீட், எழுத்து, உடுப்பு எல்லாமே அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான். 1993 ஏப்ரலில், இரண்டாவது ஆல்பம் முடியும் நேரத்தில், தம்பி ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனான். அண்ணன் மிச்ச வேலையைத் தனியாக முடித்தார். ஆனால் அட்டைப் படம் பிரச்சினையாகும் என்று கம்பெனி பயந்து, ஆல்பத்தையும் வெளியிடவில்லை, ஆளையும் கழற்றி விட்டுவிட்டது. தம்பியின் கடைசி வேலை பெட்டிக்குள் கிடந்தது. அது முழுசாக வெளியே வரப் பல வருஷம் பிடித்தது.

அப்புறம் மூணு நாலு வருஷம் ஆளே காணோம். மன்ஹாட்டன் தெருக்களில் சுற்றிக்கொண்டு, சில ராத்திரி பெஞ்சில் படுத்துத் தூங்கியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1997, 98 வாக்கில் நியூயோரிக்கன் கவிஞர் கஃபே என்ற இடத்தில், யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்கிற ராத்திரிகளில், முகத்தில் பெண்கள் காலுக்குப் போடும் மெல்லிய உறையை மாட்டிக்கொண்டு வந்து பாடியிருக்கிறார். பழைய ஆள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. வார்த்தை மட்டும் நிற்க வேண்டும். இரும்பு முகமூடி பிற்பாடு வந்தது.

பழைய பழக்கத்தில் கைகொடுத்தவர் பாபிட்டோ கார்சியா என்ற ரேடியோக்காரர். ஃபாண்டில் எம் என்று சின்னதாக ஒரு இசைத்தட்டு லேபிள் வைத்திருந்தார். அதில் முதலில் ஒற்றைப் பாட்டுகளாக இசைத்தட்டில் வந்து, 1999-ல் முழு ஆல்பமாயிற்று. பெரிய விளம்பரம் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் தேடி வாங்கினார்கள், ஒருத்தர் கேட்டு இன்னொருத்தருக்குக் கொடுத்தார்கள். அந்த லேபிளே 2001-ல் மூடியாயிற்று. அதே வருஷம் வேறொரு சின்ன கம்பெனி திரும்பப் போட்ட சிடிதான் உன் பெட்டியில் வந்தது. 2004-ல் மேட்லிப் என்ற பீட் போடுபவரோடு சேர்ந்து அவர் செய்த ஆல்பம் பெரிதாகப் பேசப்பட்ட பிறகுதான், நிறையப் பேர் திரும்பிப் போய் இந்த முதல் ஆல்பத்தைத் தேடினார்கள். இன்றைக்கு அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப் என்று பேச்செடுத்தால் இதைச் சொல்லாமல் யாரும் நகர முடியாது. முதல் வருஷக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதன் தலையெழுத்தை யாராவது முடிவு பண்ணியிருந்தால்?

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில் அது. அந்த ஆல்பம் சுத்தமான ரெக்கார்டிங் இல்லை. குரல் கொஞ்சம் மங்கல், தட்டு தேய்கிற கரகரப்பு அப்படியே இருக்கிறது. டைட்டில் பாட்டில் ஷாதே என்ற பாடகியின் பாட்டு ஒன்றை எடுத்து லூப்பாக ஓடவிட்டிருக்கிறார். அவ்வளவு வழவழப்பான பாட்டு, அதன் மேல் தூக்கம் கலையாத மாதிரி ஒரு குரல். இன்னொரு பாட்டுக்கு ஸ்கூபி டூ கார்ட்டூன் இசை. ஆனால் வரிகளைக் கவனி. நம் பாட்டில் எதுகை அடியின் தொடக்கத்தில் பிடிக்கும். அவருக்கு இயைபு அடியின் கடைசியில், அதுவும் நாலைந்து எழுத்து சேர்ந்தாற்போலப் பிடிக்கும், போதாததற்கு அடிக்கு நடுவிலும் பிடிக்கும். இதெல்லாம் எனக்கு இருபத்து மூணு வருஷம் கழித்துத்தான் காதில் விழுகிறது.

இன்னொன்று. அவர் 'நான்' என்று பேசுவதைவிட 'அவன்' என்று தன்னைப் பற்றிப் பேசுவது அதிகம். வில்லன் வந்தான், வில்லன் இப்படிச் செய்தான் என்று. மற்றவர்களுக்கு இது புதுசாக இருக்கலாம், நமக்கு என்ன புதுசு? கடலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு செட் போடப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, துரியோதன மகாராஜன் வந்தான் என்று துரியோதனனே பாடிக்கொண்டு வருவான். புஜக்கட்டையும் கிரீடமும் அரிதாரமும் ஏறிய பிறகு அந்த ஆள் நாம் டீக்கடையில் பார்த்த ஆள் இல்லை. அதே துரியோதனன் படுகளத்தில் களிமண்ணாக நீட்டிப் படுத்துக் கிடக்கும்போது, விடியற்காலையில் ஒப்பாரி வைத்து அழுகிறார்களே, அது வில்லனுக்கு அழுகிற அழுகைதானே. டூம் ஆல்பமும் அப்படித்தான். கார்ட்டூன் வில்லன் வேஷத்துக்குள் தம்பியை இழந்த அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். டைட்டில் பாட்டிலேயே, தம்பி போன இடத்துக்கே நானும் திரும்பிப் போகிற வரைக்கும் என்று சொல்லிவிடுகிறார். பெயரே இல்லாமல் வெறும் கேள்விக்குறி மட்டும் தலைப்பாக வைத்த பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில், இரண்டு பேரும் சேர்ந்து தொழுததையும், சேர்ந்து வாங்கிய உடுப்பையும், தம்பியிடமே நேரில் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துகிறார். கருங்கல் மேல் உட்கார்ந்து நாம் சிரித்துக்கொண்டு கேட்ட ஆல்பம் இது.

அவர் செய்த எல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை. சில வருஷம் கழித்து, தனக்குப் பதிலாக முகமூடி மாட்டிய வேறு ஆளை மேடைக்கு அனுப்பினார். காசு கொடுத்து வந்து நின்றவர்களுக்கு அது துரோகம். கூத்திலும் ஆள் மாறினால் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அவர் பட்டதும் கொஞ்சமில்லை. 2010-ல் ஐரோப்பாவில் பாடிவிட்டுத் திரும்பும்போது அமெரிக்காவுக்குள் விடவில்லை. சின்ன வயசிலிருந்து அங்கேயே வளர்ந்தவர், ஆனால் குடியுரிமை வாங்கவே இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் அந்தப் பக்கம், இவர் பிறந்த ஊரான லண்டனில். நம்ம ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு கொடுத்த ஆறு மாதத்துக்குள் உங்க தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், எங்க தாத்தா கொடுக்கவில்லை. ஒரே தெரு, ஒரே கிணறு. ஒரு தாளால் நீ அங்கே, நான் இங்கே. அவர் 2020 அக்டோபர் 31-ஆம் தேதி இங்கிலாந்தில் இறந்துபோனார். டிசம்பர் 31-ஆம் தேதி மனைவி சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

இப்போது மூன்றாவது பாட்டு. பீட்டுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று நீ கவனித்தாயா மச்சான்? நான் இரண்டாவது தடவைதான் பிடித்தேன். உங்க அம்மா குரல். 'கொழம்பு மேல இருக்கு, சுடவெச்சு சாப்டு ராசா' என்று பேரனுக்கு எப்போதோ அனுப்பிய மெசேஜ். 'ராசா'வுக்கு முன்னால் சின்னதாக ஒரு செருமல். அந்தச் செருமலைத்தான் வெட்டி எடுத்து, நாலு தட்டுக்கு ஒரு தடவை டிரம் மாதிரி விழ வைத்திருக்கிறான். முழு வாக்கியத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறைதான் கேட்க விடுகிறான். அது காதுக்குள் போனதும் நான் பாக்ஸை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டை அவன் முந்நூறு பேருக்காகச் செய்யவில்லை. அவன் ஆயாவுக்காகச் செய்திருக்கிறான்.

அதனால் முந்தாநாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பத்தில் உன் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். யார் பாட்டு என்று சொல்லவில்லை, வைத்தேன். முதலில் 'என்னடா இது, ஒரே தட்டலா இருக்கு' என்றார்கள். அப்புறம் கீரைக் காம்பைக் கையில் வைத்தபடியே அசையாமல் இருந்தார்கள். கடைசி வாக்கியம் வந்ததும், 'அக்காவா?' என்றார்கள். நான் தலையாட்டினேன். 'தொண்ட அப்பவே கட்டியிருக்கு பாரு, யார்கிட்டயும் சொல்லல அவ' என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'இன்னொரு தரம் வை' என்றார்கள். நாலு தரம் வைத்தேன். நாலாவது தரம் அந்தச் செருமல் விழுகிற இடத்தில் எல்லாம் சரியாகத் தொடையில் தட்டினார்கள்.

பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் மெமரி கார்டில் ஏற்றி, என்னிடம் இருந்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் விளக்கேற்றிவிட்டு அதைத்தான் முதலில் வைக்கிறார்களாம், பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. நடுவில் பையன் பிரெஞ்சில் வேகமாகச் சொல்கிறானே, அது என்ன என்று சின்னம்மா கேட்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அந்த வேகத்துக்குப் போதவில்லை. மருமகனை அந்த மூன்றாவது பாட்டை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல். தங்கச்சியிடம் சொல்லி வரிக்கு வரி தமிழும் போட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, நானே போய் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் மச்சான்