டெல்டா மாவட்டங்களில் நெல் கொள்முதலின் ஈரப்பத வரம்பைப் பருவம் தொடங்கும் முன்பே தளர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்:
திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைச் சேர்ந்த, சிங்கப்பூரில் பணிபுரியும் விவசாயக் குடும்பத்தினர்,
துவாஸ், சிங்கப்பூர்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பருவமழை காலம் தவறிப் பெய்யும் டெல்டாவில், அரசு வாங்கும் நெல்லில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்ற வரம்பைத் தளர்த்தவும் உலர்த்தும் இயந்திரங்கள் வழங்கவும் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் நாங்கள், ஊரில் இரண்டு மூன்று ஏக்கரில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள். உழவுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் இங்கிருந்துதான் பணம் போகிறது. அறுத்த நெல் களத்தில் கெட்டுப்போனால் அடுத்த போகத்துக்கும் இந்தச் சிங்கப்பூர் வெள்ளிப் பணம்தான்.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் பெரியவர்கள் நாற்று விட்டார்கள். அன்று தண்ணீர் வந்தால் குறுகிய காலப் பயிரான குறுவை புரட்டாசியில் அறுவடையாகி, ஐப்பசி அடைமழைக்கு முன் நெல் விலைபோய்விடும். அந்தக் கணக்கு இப்போது நிற்பதில்லை. 2022-இல் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2023-இல் குறித்த நாளில் திறந்த தண்ணீர், நீர் இருப்புக் குறைந்ததால் அக்டோபர் 10 அன்று நிறுத்தப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மழையும் அப்படித்தான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. வானம் வெளுத்திருக்க வேண்டிய 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், கதிர் முற்றிய சம்பாப் பயிர் மழையில் சாய்ந்தது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்கிறார்கள். எங்கள் வீடுகளில் அது தை மாதத்தில் தார்ப்பாய் வாங்கும் செலவாக வந்து நிற்கிறது.

அந்த பிப்ரவரியில் ஒருநாள், இங்கே இரவு 2 மணி, ஊரில் 11.30, எங்களில் ஒருவரின் தாயார் காணொளி அழைப்பில் வந்தார். கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஆறு நாளாகக் குவியலில் கிடந்த நெல்லின் மேலிருந்த தார்ப்பாயைத் தூக்கி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி, விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். மணிக்கு மணி வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. ஈரப்பதம் அளக்கும் கருவியில் 19 விழுக்காடு என்று காட்டியதால், காயவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வெயில் இல்லாத நாளில் தார்ச்சாலையில் கொட்டி, தூறல் விழுந்ததும் கூட்டி அள்ளி, மறுபடி கொட்டி என்று அறுபது வயதைக் கடந்தவர் தனியாக என்ன செய்வார்? அளந்த ஊழியர்மீது எங்களுக்குக் குறை இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வரம்பு 17 விழுக்காடு.

33 விழுக்காட்டுக்கு மேல் பாதித்த பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.20,000 என அரசு அப்போது அறிவித்த நிவாரணத்தை நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால், களத்துக்கு வந்துவிட்ட எங்கள் நெல் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஈரப்பத வரம்பு மத்திய அரசின் விதி என்பதை அறிவோம். மழை பெய்த பிறகு மாநில அரசு கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, பரிசோதனை முடிந்து ஆணை வரும்வரை நெல் பொறுத்திருப்பதில்லை. ஈர நெல் முளைவிட மூன்று நாள் போதும். நாங்கள் வேலை பார்க்கும் இந்த நாடு தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. ஆகவே, அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப்போல் இருமடங்கு இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே விதித்திருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, இங்கே தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் நாங்கள் மளிகை வாங்கும் கடைக்காரர் எங்களிடம்தான் ஊர் மழையைப் பற்றி விசாரித்தார். முன்கூட்டியே விதி செய்துவைக்கும் அந்த முன்யோசனையைக் கொள்முதலிலும் கேட்கிறோம்.

எனவே, ஒவ்வொரு கொள்முதல் பருவமும் தொடங்கும் முன்பே, டெல்டா மாவட்டங்களில் மழை நாள்களில் 22 விழுக்காடு ஈரப்பதம் வரை நெல் வாங்குவதற்கான நிரந்தர ஒப்புதலை மத்திய அரசிடம் பெற்றுத்தர வேண்டுகிறோம். கூடுதல் ஈரத்துக்கு உரிய எடையை 40 கிலோ சிப்பத்தில் (மூட்டையில்) கழித்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை; திருப்பி அனுப்புவதுதான் வேண்டாம். அத்துடன் நடமாடும் நெல் உலர்த்தும் இயந்திரங்களை நிலையத்துக்கு ஒன்றாக வழங்க இயலாவிட்டால், சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டத்துக்கு ஒன்றாவது வழங்கி, வாடகையை எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் தாங்கும் அளவில் நிர்ணயிக்க வேண்டும். திறந்தவெளி நிலையங்களுக்குக் கூரையும் சிமென்ட் தளமும் தேவை என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

எங்கள் கையொப்பங்களும், அந்த இரவுக் காணொளியிலிருந்து எடுத்த படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த குறுவை அறுவடைக்கு முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சிங்கப்பூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டோர் சார்பாக