ஏழுக்கு ஏழும் ஏழுக்குப் பூஜ்யமும்

காரைக்குடி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நான் கடிதமே போடுவதில்லை என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்டதாகத் தேவகோட்டை அண்ணன் சொன்னார். வீட்டில் அனைவரும் நலம். ஆயாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

போன வாரம் இங்கே சிறுவர் செஸ் போட்டி நடந்தது. ஏழு ரவுண்டிலும் வென்ற பையனுக்கு எதிராளிகளின் ரேட்டிங், அதாவது ஆட்டபலத்தைக் காட்டும் எண், சராசரியாக 1500. ஆகவே அதோடு 800-ஐக் கூட்டி, அவனுடைய பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங், அதாவது இந்தப் போட்டியில் மட்டும் அவன் காட்டிய பலம், 2300 என்று மேடையில் அறிவித்தார்கள். மறுநாளே அவனுடைய அப்பச்சி அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். ஏழிலும் தோற்ற ஒரு சிறுமியோ, தன் எதிராளிகளின் சராசரி 1430-இலிருந்து 800-ஐத் தானே கழித்து, ஸ்கோர்ஷீட்டின் பின்புறம் 630 என்று எழுதி வட்டமிட்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

எதிராளிகளின் சராசரியோடு, எடுத்த புள்ளிச் சதவீதத்துக்குரிய வித்தியாசத்தைக் கூட்டுவதுதான் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் முறை: 50 சதவீதத்துக்கு 0, 75-க்கு 193, 90-க்கு 366, 99-க்கு 677. நூறை நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போய், நூறில் முடிவிலியாகிவிடும். லாகரிதம் என்றாலே வகுப்பிலிருந்து நழுவிவிடும் உங்களுக்கும் இது புரியும்: எல்லா ஆட்டத்தையும் வென்றவனின் பலத்துக்குக் கீழெல்லை சொல்லலாம், மேலெல்லை சொல்ல முடியாது. அட்டவணையில் ஏதேனும் ஓர் எண் வேண்டுமே என்பதற்காக 800 என்று நிறுத்தியிருக்கிறார்கள். பூஜ்யம் எடுத்தவருக்கு அதையே கழிக்கிறார்கள்.

1971-இல் அமெரிக்காவின் ஃபிஷர், 2660 ரேட்டிங் இருந்த டென்மார்க்கின் லார்சனை 6–0 என்று வென்றாரே, நாம் பட்டாலையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்த ஆட்டங்கள்! இந்தக் கணக்கில் அது 3460. ஏழாவதாக 1200 ரேட்டிங் உள்ள ஒருவரையும் அவர் வென்றிருந்தால், சராசரி சரிந்து விடை 3251 ஆகியிருக்கும். கூடுதலாக ஓர் ஆட்டம் வென்றவருக்கு 209 புள்ளி குறைகிறது என்றால், அந்த எண்ணை எப்படி நம்புவது?

2024 மார்ச் முதல், புதிதாக ரேட்டிங் பெறுபவர்களுக்கு ஃபிடே கடைப்பிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் பையனுக்கு அப்படிப் போட்டுப் பார்த்தேன்: டிராவுக்கு அரைப் புள்ளி வீதம் ஒன்பது ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளி, சராசரி 1567, வித்தியாசம் 351, ஆக 1918. இந்த எண்ணுக்குக் கையும் காலும் இருக்கிறது. முதல் போட்டியிலேயே பூஜ்யம் எடுத்தவரின் முடிவை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; தவிர, 1400-க்குக் கீழே அவர்களுடைய பட்டியலில் ரேட்டிங்கே கிடையாது.

சிறுமியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் என் எண் என்ன, ஐயா?" என்று கேட்டாள். இந்த ஏழு ஆட்டங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது, ஒரே ஒரு டிரா எடுத்து வா, உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்றேன்.

முழுப் புள்ளிக்கும் பூஜ்யத்துக்கும் எண் அறிவிக்காமல், எதிராளிகளின் சராசரியை மட்டும் வெளியிடும்படி அமைப்பாளர்களிடம் கேட்கப் போகிறேன். ஆவணியில் அடுத்த போட்டி. நீங்களும் வந்து உடன் நிற்க வேண்டும். உங்கள் சொல்லுக்கு அவர்களிடம் மதிப்பு அதிகம்.

அன்புடன்,
உங்கள் பழைய எதிராளி