முட்டுக்காடு வரை போக முடியாத பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேரனுக்கு நான்கு வயது. இரண்டு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். 'ஆம்பளப் புள்ள, பேச லேட்டாகும்' என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பி ஒரு வருடத்தை விட்டுவிட்டோம். பேச்சையும் மற்றவர்களோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசம் அது என்று போன வருடம்தான் தெரிந்தது.

இதற்கான பயிற்சிகள் தரும் மத்திய அரசின் நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. நாங்கள் இருப்பது எண்ணூரில். நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். 'புள்ளைய அடக்கத் தெரியாதா' என்பார்கள். அன்றைக்கு மகளுக்குக் கூலியும் போய்விடும். தனியார் மையம் ஒன்றில் முக்கால் மணி நேரப் பயிற்சிக்குக் கேட்ட தொகை அவளுடைய ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. அடையாள அட்டை கிடைக்கும். பேச்சுப் பயிற்சி வாரம் தவறாமல் கிடைக்க வேண்டாமா? வடசென்னையின் மாநகராட்சி சுகாதார நிலையங்களில் வாரம் இரண்டு நாளாவது பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வரட்டும். வீட்டில் என்ன செய்யலாம் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுக்கட்டும். முதல் அறிகுறிகளைக் கண்டுகொள்ள அங்கன்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்.

ஒரு பாட்டி,
எண்ணூர், சென்னை.