புது மெஷினுக்கு முன்னால் பழையதைக் கடைக்குக் கொண்டுவாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டில் எஸ்பிரெஸோ மெஷின் வைத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. இந்தச் சின்ன மெஷினை மாற்றிவிட்டு எதை எடுக்கலாம்?" உடனே ஒரு மாடலைக் காட்டி பில் போட்டிருக்கிறோம். மூன்று மாதம் கழித்து ஒருவர் திரும்பி வந்து, "காபி பழைய மாதிரியேதான் இருக்கு" என்றார். அவர் மெஷினைப் பிரித்துப் பார்த்தோம், பழுது ஒன்றும் இல்லை. நாங்கள் சொன்ன யோசனைதான் பிழை. அவர் வீட்டில் எந்தப் பொடி போடுகிறார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நம் பித்தளை ஃபில்டரில் வெந்நீர் தன் பாரத்தால் மெல்ல இறங்குகிறது. பொடி சற்று முன்னே பின்னே இருந்தாலும் டிகாக்ஷன் இறங்கிவிடும். எஸ்பிரெஸோவில் பம்பு தள்ளுகிற நீரைத் தடுத்து நிறுத்த பொடியைத் தவிர வேறெதுவும் கிடையாது. 18 கிராம் பொடி போட்டால் 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறங்குவது பொதுவான கணக்கு. 12 விநாடியில் கொட்டிவிட்டால் புளிப்பும் தண்ணீருமாக இருக்கும். ஒரு நிமிடம் சொட்டிக்கொண்டே இருந்தால் கசந்துவிடும். காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டரில், பொடி எவ்வளவு நைசாக வர வேண்டும் என்று வைக்கும் திருகை ஓரிரு கோடு நகர்த்தினாலே இந்த நேரம் மாறிவிடும். மிக்ஸியில் அரைத்தால் மாவும் ரவையும் கலந்துதான் வரும். நீர் ரவை இருக்கும் பக்கம் வழி கண்டுபிடித்து ஓடிவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய மெஷினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே 40,000-ல் முதல் 15,000-ஐ கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். தினம் இரண்டு கப் என்றால் நல்ல கைக் கிரைண்டரே போதும். அதே பணத்துக்குக் கிடைக்கும் மின் கிரைண்டரைவிட அதன் அரைப்பு பெரும்பாலும் சீராக இருக்கும். காலையில் நான்கு பேருக்குப் போடுகிற வீட்டில் கை வலிக்கும். அவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு மின் கிரைண்டர் எடுக்கலாம்.

கிரைண்டர் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் போர்ட்டாஃபில்டருக்குள் (பொடி போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி) இருக்கும் கூடையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே நிறைய ஓட்டைகள், வெளியே அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை என்றால் அது இரட்டைச் சுவர்க் கூடை. கடைப் பொடியிலும் நுரை வரட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். அந்த நுரை ஓட்டையின் வேலை, நல்ல எஸ்பிரெஸோவின் மேல் தானாகப் படியும் கிரீமா என்ற நுரை அல்ல. அந்தக் கூடை இருக்கும்வரை நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக அரைத்தாலும் கப்பில் தெரியாது. ஒற்றைச் சுவர்க் கூடையின் விலை மெஷின் விலையோடு பார்த்தால் மிகச் சொற்பம். 51, 54, 58 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு; உங்களுடையது எது என்று அளந்து சொல்கிறோம்.

சிக்கரி கலந்த ஃபில்டர் பொடியை தயவுசெய்து மெஷினில் போடாதீர்கள். சிக்கரி நனைந்தால் பிசுபிசுத்துக் கூடையையும் மேலிருக்கும் சல்லடையையும் அடைத்துவிடும். காபிப் பொடிக் கடையிலேயே சிக்கரி இல்லாமல் வறுத்த கொட்டையாகக் கேளுங்கள், எந்தத் தேதியில் வறுத்தது என்றும் கேளுங்கள். ஏற்காட்டுக் கொட்டையோ சிக்கமகளூருக் கொட்டையோ, வறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை ருசி நன்றாக இருக்கும்.

பெட்டியில் '15 பார்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பார் என்பது அழுத்தத்தின் அளவு; அது பம்பின் உச்ச வலு. காபிக்கு 9 பார் போதும். 1961-ல் மின் பம்போடு வந்த ஃபேமா ஈ61 என்ற இத்தாலிய மெஷின் வேலை செய்ததும் அந்த அழுத்தத்தில்தான். காஜியா கிளாசிக் மாதிரி மெஷின்களில் உள்ளே ஒரு வால்வு ஸ்பிரிங்கை மாற்றி அழுத்தத்தைக் குறைக்கலாம். இந்த மெஷின் பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக எடுங்கள்: 58 மில்லிமீட்டர் அளவு, கேஸ்கட் என்ற ரப்பர் வளையமும் சல்லடையும் சுலபமாக மாற்றலாம், பிறகு பணம் சேரும்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பி.ஐ.டி.யும் பொருத்திக்கொள்ளலாம்.

பால் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறோம். இந்த விலையில் கிடைக்கும் மெஷின்களில் ஒரே பாய்லர்தான்; காபி இறக்கி முடித்தபின் பாலை நுரைக்கவைக்கும் ஸ்டீமுக்குச் சூடேறக் காத்திருக்க வேண்டும், அடுத்த காபிக்கு மறுபடி ஆறவிட வேண்டும். விருந்தாளிகள் வந்த வீட்டில் இது ஒத்துவராது. இரண்டு பாய்லர் மெஷின் இந்தப் பணத்துக்குள் அடங்காது. அடுப்பில் பாலைக் காய்ச்சி, டபராவில் ஆற்றி எஸ்பிரெஸோவோடு சேருங்கள். எங்கள் வீடுகளில் அப்படித்தான் குடிக்கிறோம், நன்றாகவே இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் மெஷின்களும் நிறைய வருகின்றன. அவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 சுற்று) மாறாது. இந்த மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும் அதிர்வுப் பம்பு மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை துடிப்பது. இங்கே அதன் வேகம் குறையும், சுருள் கூடுதலாகச் சூடாகும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, மெஷினை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். 1,450 வாட் மெஷினுக்கு 6 ஆம்பியர் பிளக் போதாது, 16 ஆம்பியர் வேண்டும்.

தண்ணீர் சிறுவாணி என்றால் கவலை இல்லை. போர்வெல் என்றால் பாய்லரில் உப்புப் படியும், ஊற்றவே வேண்டாம்.

சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 1 மணி வரை உங்கள் மெஷினை எங்கள் கிரைண்டரில் அரைத்த பொடியோடு உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுகிறோம். கட்டணம் இல்லை. ருசி மாறினால் மெஷின் வாங்க வேண்டாம். வரும்போது போர்ட்டாஃபில்டர், கூடை, நீங்கள் போடும் பொடி, வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில், எல்லாம் எடுத்து வாருங்கள். வண்டியில் ஏற்றுமுன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து,
கோவை