சேலம் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

சனிக்கிழமை பாஸ்டனிலிருந்து சேலம் போகிறோம், சூனியக்காரித் தொப்பி வாங்கப் போகிறேன் என்றாய். நானும் அவசரத்தில் சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை.

அந்த அமெரிக்கச் சேலத்தில் 1692-ல், சூனியம் வைத்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். எண்பதை ஒட்டிய கிழவர் கைல்ஸ் கோரி கோர்ட்டில் வாய் திறக்க மறுத்தார் என்று, அவர் மேல் கல் அடுக்கியே கொன்றார்கள். ஆமாம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு அடுத்தவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். இல்லை என்று நின்றவர்கள் செத்தார்கள். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

இதை வைத்துத்தான் ஆர்தர் மில்லர் 'தி குருசிபிள்' நாடகத்தை எழுதினார். குருசிபிள் என்றால் தட்டான் பொன்னுருக்கும் மூசை. 1953-ல் நியூயார்க்கில் மேடையேறியது. கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு, கூட இருந்தவர்கள் பெயரைச் சொல் என்று நெருக்கிய காலம் அது. மில்லரின் நெருங்கிய நண்பர், இயக்குநர் எலியா கசானே 1952-ல் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் வருஷா வருஷம் வகுப்பில் நடத்தினேன். நாடகத்தில் வரும் எலிசபெத்தை மட்டும் சரியாக நடத்தவில்லை. மூன்றாம் அங்கத்தில் அவள் புருஷன் ஜான் பிராக்டர், ஊரார் மேல் சூனியப் பழி போடும் அபிகெயிலோடு தான் தவறியதைக் கோர்ட்டில் தானே சொல்லிவிடுகிறான். என் மனைவிக்குப் பொய் வராது, கேளுங்கள் என்கிறான். அவன் சொன்னது தெரியாமல் அவள் வருகிறாள். புருஷன் முகத்தைப் பார்க்கவும் விடவில்லை. கேட்டதற்கு, அவன் மானம் காக்க, இல்லை என்று பொய் சொல்கிறாள். அதுவே அவனுக்கு எமனாகிறது. (இந்தத் தொடர்பு மில்லர் கற்பனை. நிஜ அபிகெயில் 11, 12 வயசுச் சிறுமி.)

உங்கப்பா காலமான வருஷம், அந்தக் காட்சியை நடத்தும்போது குரல் உடைந்து புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் மானத்துக்காக நானும் உண்மையை விழுங்கியிருக்கிறேன். யாருக்கு என்ன கெடுதல் ஆனது என்று உனக்குத் தெரியும்.

கடைசியில் பிராக்டர், என் பாவத்தைச் சொல்கிறேன், பிறரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறான். 1956-ல் குழு முன்னால் மில்லரும் அதையே சொல்ல வேண்டி வந்தது. தண்டித்தார்கள். 1958-ல் அப்பீலில் அது ரத்தானது.

தொப்பி வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, 1992-ல் திறந்த நினைவிடம் இருக்கிறது. சுவரிலிருந்து நீளும் கருங்கல் பலகைகள், ஆளுக்கு ஒன்றாக 20. வாசல் கல்லில் அவர்கள் கோர்ட்டில் முறையிட்ட சொற்களைப் பொறித்திருக்கிறார்கள். வாக்கியம் முடிவதற்குள் சுவர் வந்து மறித்துவிடும். ரெபெக்கா நர்ஸ் பெயரைத் தேடு. 71 வயசு. ஜூரி முதலில் குற்றமில்லை என்றுதான் சொன்னது, திரும்ப யோசிக்கச் சொல்லி மாற்ற வைத்தார்கள். அந்தக் கல்லில் எனக்காக ஒரு பூ வை.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அம்மா