மூன்றாம் ஆண்டிலேயே கிளம்புவது பேராசையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரி மாணவர்கள் பட்டம் வாங்கும் முன்பே என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போய்விடுவதைப் ‘பேராசை’ என்று சாடிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பதினைந்து ஆண்டுகளாக ஆஸ்டினில் வசித்து, டெக்சாஸ் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்துவரும் எனக்கு அந்தச் சொல் உறுத்தியது.

பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டு ஆகாத எவரையும் என்எஃப்எல் சேர்த்துக்கொள்வதில்லை. இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்த ஒஹாயோ ஸ்டேட் வீரர் மாரிஸ் கிளாரெட் கீழ்நீதிமன்றத்தில் வென்றும், 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றுப்போனார். அந்த மூன்று ஆண்டில் ஒரு ரன்னிங் பேக்கின் (பந்தை ஏந்தி ஓடும் வீரரின்) உடம்பு என்ன பாடுபடும் என்பதற்குச் சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோரைப் பார்த்தால் போதும். 2010-இல், முதலாண்டு மாணவராக, 1,197 கஜம் ஓடியவர் அவர். அடுத்த ஆண்டே இடது முழங்கால் போயிற்று. தேறி வந்தவருக்கு 2012 அக்டோபரில் டென்னசிக்கு எதிரான ஆட்டத்தில் வலது முழங்கால் மூட்டு விலகித் தசைநார்கள் அறுந்தன. 2013-இல் நான்காம் சுற்றில் ஓர் அணி அவரை எடுத்தும், ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வுபெற்றார். இரண்டு காயமும் அவர் வெளியேற விதி இடம்கொடுக்காத காலத்தில், கல்லூரி அவருக்குச் சம்பளமென்று எதுவும் தராத காலத்தில் நேர்ந்தவை.

பட்டத்தைப் பிறகு வந்தும் வாங்கலாம். 1990-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுப்போன எம்மிட் ஸ்மித், தாயாருக்குக் கொடுத்த வாக்கின்படி திரும்பி வந்து 1996-இல் பட்டம் பெற்றார். அதற்குள் டல்லாஸ் அணியோடு மூன்று சூப்பர் பௌல்களும் (என்எஃப்எல் இறுதிப்போட்டிகள்) வென்றிருந்தார்.

தங்கிப் படித்தவருக்கு உதாரணமாகக் கட்டுரையாளர், ஆண்ட்ரூ லக் என்ற குவார்ட்டர்பேக்கை (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் வீரரை) எடுத்துக்காட்டுகிறார். உண்மைதான், அவர் ஸ்டான்ஃபோர்டில் இன்னோர் ஆண்டு தங்கிப் பட்டமும் பெற்று, 2012-இல் முதல் ஆளாகவும் எடுக்கப்பட்டார். ஆனால் 2005-இலேயே போயிருந்தால் முதலிடம் நிச்சயம் என்று பலரும் சொன்ன மாட் லைனார்ட், தெற்குக் கலிபோர்னியாவில் மேலும் ஓராண்டு தங்கியபின் பத்தாம் ஆளாகத்தான் போனார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்திருந்த ஒரே பாடம் பால்ரூம் நடனம் என்பதால், படிப்புக்காகத் தங்கினார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில் வந்தபிறகு கணக்கு மாறிவிட்டது. முதலிரண்டு சுற்றுக்குள் வர வாய்ப்பில்லாத ஒரு குவார்ட்டர்பேக் இன்று தங்கிவிடுவதே புத்திசாலித்தனம். 2025 ஏப்ரலில் எங்கள் ஊர்க் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் பெயர் வரும் வரும் என்று, அவருடைய 3-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மகன் வியாழன் இரவு முதல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை ஏழாம் சுற்றில், 231-ஆவதாக, மயாமி அணி எடுத்தது. இன்னோர் ஆண்டு வேறொரு கல்லூரிக்கு ஆடியிருந்தால் பல லட்சம் டாலர் கிடைத்திருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அவசரப்பட்டுவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவ்வளவு பணத்தை விட்டுவிட்டுப் போனவரைப் பேராசைக்காரர் என்று எப்படி எழுதுவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்